வீட்டில் ஒரு போன் இருக்கிறதே, போதாதா?

ஆச்சியிடம் கேளுங்கள்

(2000-களின் தொடக்கத்தில் காரைக்குடியில் பிரௌசிங் சென்டர் நடத்தி, இப்போது அதே கடையில் இ-சேவை மையம் வைத்திருப்பவர் எங்கள் ஆச்சி. பெண்களும் இணையமும் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஆச்சி, என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் ஒரே ஒரு டச் போன், அவர் வாங்கி அனுப்பியது. பகலில் மாமியார் வைத்திருப்பார். சாயங்காலம் எட்டாவது படிக்கிற மகன் எடுத்தால் ராத்திரிதான் வைப்பான். எனக்கென்று ஒன்று வேண்டும் என்றால், "வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே, போதாதா?" என்கிறார் அவர். நான் கேட்பது பேராசையா?
– பெயர் வேண்டாம், புதுவயல்

பதில்: பேராசை இல்லை தங்கச்சி. நியாயமான கேள்வி. நீங்கள் ஒருவர் மட்டும் கேட்கிற கேள்வியும் இல்லை.

எங்கள் கவுண்டரில் தினமும் நடப்பதைச் சொல்கிறேன். வருமானச் சான்றிதழுக்கோ பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கோ ஒரு பெண் வந்து உட்காருவார். எல்லாக் காகிதமும் மஞ்சள் பையில் ஒழுங்காக இருக்கும். "நம்பர் சொல்லுங்க" என்பேன். "அவரோட நம்பர் போட்டுக்குங்க" என்பார். அவர் எங்கே? சிங்கப்பூரில், இல்லையென்றால் துபாயில், இல்லையென்றால் திருப்பூரில். ஓ.டி.பி. அங்கே போகும். கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும். அவர் வேலை நேரத்தில் போனைத் தொட முடியாது. நாங்கள் மறுபடி அனுப்புவோம், அதுவும் காலாவதியாகும். கடைசியில் அந்தப் பெண் பையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். ஒரு நாள் கூலி போச்சு, பஸ்ஸுக்கு நின்ற நேரம் போச்சு. இதே வேலைக்கு ஓர் ஆண் வந்தால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

2023 செப்டம்பர் 15-இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், அவரவர் வங்கிக் கணக்கிலேயே. நல்ல திட்டம். ஆனால் பணம் வந்ததைச் சொல்கிற குறுஞ்செய்தி யார் போனுக்குப் போகிறது? என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு அது மகனுக்கோ கணவருக்கோ போகிறது. தன் கணக்கில் தன் பணம் வந்துவிட்டதா என்று அவர்கள் இன்னொருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்து ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பண்ணப் போன காலத்தில் வீட்டில் இருந்த ஆச்சிமார்கள்தான் வரவு செலவு பார்த்தார்கள், கல்யாணம் காட்சியை நடத்தினார்கள். பெட்டிச் சாவி அவர்கள் இடுப்பில் இருந்தது. கப்பல் ஏறினவர் சாவியையும் சேர்த்துக் கொண்டுபோகவில்லை. இன்றைக்குப் போன் நம்பர்தான் அந்தச் சாவி.

அப்புறம் இன்னொன்று. எல்லாரும் எடுக்கிற போனில் ஒரு பெண் எதைத் தேடுவாள்? மாதவிலக்கு தள்ளிப்போனால் அதைப் பற்றித் தேட மாட்டாள். மார்பில் கட்டி மாதிரி தட்டுப்பட்டால் அதையும் தேட மாட்டாள். ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடுவதற்குக்கூட, மாமியார் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று தயங்குவாள். கடைசியில் கோலமும் சமையலும் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். "பெண்கள் நெட்டில் இதைத்தான் பார்க்கிறார்கள்" என்று பேசுகிறவர்கள், போன் யாருடைய பார்வையில் இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

போனுக்கு முன்னால் நம்பரைக் கவனியுங்கள். உங்கள் ஆதாரைக் காட்டி உங்கள் பெயரிலேயே ஒரு சிம் வாங்குங்கள். அந்த எண்ணை ஆதாரில் சேருங்கள். அதற்கு வேறு ஆவணம் வேண்டாம், ஆதார் மையத்தில் விரல் ரேகை வைத்தால் போதும். அஞ்சலக வங்கியின் சேவையாகத் தபால்காரரும் வீட்டுக்கே வந்து இதைச் செய்துகொடுக்கிறார். அடுத்து வங்கிக்குப் போய் எழுதிக்கொடுத்து அங்கேயும் எண்ணை மாற்றுங்கள். இவ்வளவுக்கும் பட்டன் போன் இருந்தால்கூடப் போதும். அதற்குப் பிறகு டச் போன். உங்கள் வீட்டுக்காரர் அடுத்த முறை புதுப் போன் வாங்கும்போது பழையது மகனுக்குப் போகாமல் உங்களிடம் வரட்டும்.

அவரிடம் பேசும்போது "இனி உங்களுக்கு ஓ.டி.பி. தொந்தரவு இருக்காது" என்று சொல்லலாம், அது உண்மைதான். அதோடு நிறுத்தாதீர்கள். "எனக்கு வேண்டும்" என்றும் சொல்லுங்கள். அதுவும் போதுமான காரணம்தான்.

கேள்வி: பஸ்ஸில் ஏறினால் பெண்கள் எல்லாரும் ரீல்ஸ்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆணுக்கு ஒரு போன் என்றால் பெண்ணுக்கும் ஒரு போன் என்று ஆகிவிட்ட காலத்தில், பெண்களுக்கு இணையம் எட்டவில்லை என்று எழுதுவது பழைய பாட்டு அல்லவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை

பதில்: வணக்கம் ஐயா. நீங்கள் பஸ்ஸில் பார்த்தது உண்மை. பஸ்ஸில் ஏறாத பெண்களையும் சேர்த்து எண்ணினால் கணக்கு மாறுகிறது.

2019–21-இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், "எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியது உண்டா?" என்று கேட்டார்கள். தினமும் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்கவில்லை. ஒரு தடவை தொட்டிருந்தாலும் கணக்கில் சேரும். இந்தியா முழுக்க உண்டு என்று சொன்ன ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3 சதவீதம். தமிழ்நாட்டில் ஆண்கள் 70.2, பெண்கள் 46.9. நாட்டின் சராசரியைவிட நாம் மேலே இருக்கிறோம், சரி. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளி இங்கேயும் ஏறக்குறைய அதே 23 புள்ளிதான். வசதியும் படிப்பும் கூடினால் இந்த இடைவெளி தானாகச் சுருங்கிவிடும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு. தாங்களே பயன்படுத்துகிற செல்போன் வைத்திருக்கும் தமிழ்நாட்டுப் பெண்கள் 74.6 சதவீதம். நாலில் மூன்று பேரிடம் போன் உண்டு, ஆனால் பாதிப் பேருக்குக்கூட நெட் பழக்கமில்லை. ஆக, கையில் இருந்ததில் கணிசமானவை பட்டன் போன், அல்லது நெட் போடாத போன். ஆய்வு 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களைப் பற்றியது. உங்கள் வீட்டு அம்மாவும் நானும் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. எங்களையும் சேர்த்திருந்தால் எண் இன்னும் இறங்கியிருக்கும்.

இந்த ஆய்வுக்குப் பிறகு சில வருஷங்கள் ஓடிவிட்டன. கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பு பல வீடுகளுக்குள் டச் போனைக் கொண்டுவந்தது. எண்கள் ஏறியிருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உலகக் கணக்கிலேயே இடைவெளி மூடவில்லை. ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024-க்குச் சொன்னது: இணையம் பயன்படுத்துகிற ஆண்கள் 70 சதவீதம், பெண்கள் 65.

நம் ஊர் நடப்பையும் பாருங்கள். 100 நாள் வேலையில் 2023 ஜனவரியிலிருந்து வருகையை ஆப்பில் போட்டோ எடுத்துத்தான் பதிய வேண்டும் என்றானது. பணித்தளப் பொறுப்பாளராக இருந்த பெண்களில் சிலர் மகனிடம் போனை இரவல் வாங்கிக்கொண்டு கண்மாய்க்குப் போனதை நான் பார்த்தேன். 2024 ஜூலையில் தனியார் போன் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றினபோது, "இந்த மாசம் எனக்கு ரீசார்ஜ் வேண்டாம், அவனுக்கு மட்டும் போடுங்க" என்று சொன்ன அம்மாக்களையும் பார்த்தேன். செலவைக் குறைக்க வேண்டி வந்தால் வீட்டில் முதலில் நிற்பது அம்மாவின் டேட்டாதான். ஓர் அப்பா வந்து அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கேள்வி: என் பெயரில் மூன்று, நான்கு சிம் இருப்பதாக வீட்டுக்காரர் சொல்கிறார். எதை யார் வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. இதனால் ஏதாவது ஆபத்து வருமா?
– இல்லத்தரசி, கண்டனூர்

பதில்: வரலாம். அந்த எண்ணை வைத்து யாராவது ஏமாற்று வேலை செய்தால் போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்தால், உங்கள் பெயரில் உள்ள இணைப்புகளைக் காட்டும். உங்களுடையது அல்ல என்று தெரிவதை அங்கேயே புகார் செய்து நிறுத்தலாம். இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆச்சி, எனக்கு 58 வயது. கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் பலகாரம் செய்து கொடுக்கிறேன். மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை. சென்னை, கோயம்புத்தூரிலிருந்துகூட ஆர்டர் வருகிறது. கூகுள் பே மகன் நம்பரில் இருப்பதால் பணம் எல்லாம் அவன் கணக்குக்குப் போகிறது. கேட்டால் கொடுத்துவிடுகிறான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியிருக்கிறது. நானே வைத்துக்கொள்ள முடியுமா?
– கானாடுகாத்தான் வாசகி

பதில்: தாராளமாக முடியும். உங்கள் மகன் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர் கொடுக்கிறார். ஆனால் அடுப்படியில் நின்று சம்பாதித்ததை அம்மா கேட்டு வாங்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

இதில் பலர் கவனிக்காத நஷ்டம் ஒன்று இருக்கிறது ஆச்சி. தீபாவளி மாதத்தில் உங்களுக்கு எவ்வளவு வியாபாரம் நடந்தது என்பதற்கு இன்று என்ன சாட்சி? வங்கிக் கணக்கு அறிக்கைதான் சாட்சி. அது மகன் பெயரில் இருக்கிறது. நாளைக்குப் பெரிய அடுப்பு, மாவு மிஷின், ஆள் கூலி என்று நீங்கள் முத்ரா கடன் கேட்டுப் போனால், "உங்க கணக்கில் வரவு ஒன்றும் இல்லையே" என்பார் மேனேஜர். உங்கள் உழைப்பு காகிதத்தில் மகனின் வருமானமாக ஏறிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் பலகாரம், ஓலைக் கொட்டான் பின்னுவது, வீட்டுச் சாப்பாடு என்று பெண்கள் கையால் நடக்கிற தொழில்கள் எத்தனை! அதில் எத்தனை பேருடைய கணக்கில் அந்த வரவு தெரிகிறது? இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். வங்கியில் உங்கள் பெயரில் உள்ள கணக்கோடு உங்கள் எண் இணைந்திருக்க வேண்டும். அந்த சிம் நீங்கள் பயன்படுத்தப்போகிற போனிலேயே இருக்க வேண்டும். ஆப்பைப் போட்டுக் கணக்கைச் சேர்க்கும்போது ரகசிய எண் வைக்கச் சொல்லும். ஏ.டி.எம். கார்டு இருந்தால் அதை வைத்து, இல்லையென்றால் ஆதார் ஓ.டி.பி. மூலம் பல வங்கிகளில் வைத்துக்கொள்ளலாம். மகன் பக்கத்தில் இருந்து சொல்லித்தரட்டும். ஆனால் அந்த எண்ணை நீங்களே யோசித்து, நீங்களே அழுத்துங்கள். பேத்தி பிறந்த வருஷம், வீட்டுக் கதவு எண் எல்லாம் வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. "பணம் அனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொள்ள எண்ணைப் போடுங்க" என்று யார் சொன்னாலும் அவர் திருடர். மொத்த ஆர்டர் கொடுப்பதாகப் பேசி இப்படி ஏமாற்றுகிறார்கள். அதனால் போனை வைத்துவிடுங்கள்.

டச் போன் வேண்டாம் என்றாலும் வழி உண்டு. பட்டன் போனிலேயே பணம் அனுப்பவும் இருப்பைக் கேட்கவும் 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 'யு.பி.ஐ. 123 பே' என்ற வசதியைத் தொடங்கிவைத்தது. ஆனால் உங்களுக்கு நான் டச் போனையே சொல்வேன். பலகாரத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் நீங்களே செய்ய வேண்டியதுதானே. மணகோலம் எந்தப் பதத்தில் எடுத்தால் படத்தில் நன்றாக இருக்கும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

கேள்வி: என் மகள் காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறாள். ராத்திரி 9 மணிக்கு அவள் போனை வாங்கி வைத்துவிடுகிறேன். மகனிடம் வாங்குவதில்லை. என் மனைவி இதைத் தப்பு என்கிறார். காலம் கெட்டுக்கிடக்கிறதே, நான் என்ன செய்வது?
– ஒரு தகப்பனார், பள்ளத்தூர்

பதில்: அண்ணே, உங்கள் பயம் பொய்யில்லை. ஆனால் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

என் பிரௌசிங் சென்டரில் நான் கண்டதைச் சொல்கிறேன். ப்ளஸ் டூ ரிசல்ட் அன்றைக்குக் கூட்டம் அலைமோதும். பெண்பிள்ளைகள் அப்பாவோடு வருவார்கள். அப்பா உள்ளே வந்து பதிவெண்ணைச் சொல்லி, மதிப்பெண்ணை எழுதி வாங்கிக்கொண்டு போவார். அந்தப் பிள்ளை வாசலிலேயே நிற்கும். அது எழுதிய பரீட்சை, அது வாங்கிய மார்க், திரையை அது பார்க்காது. ரிசல்ட் முடிந்த பிறகும் பையன்கள் சாயங்காலம் வந்து மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள். சினிமாப் பாட்டு கேட்டார்கள், கண்டதையும் பார்த்தார்கள், அப்படியே மெயில் அனுப்பவும் விண்ணப்பம் போடவும் கற்றுக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. உட்கார நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். சிலர் இப்போது பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். மார்க்கில் அவர்களை முந்திய பெண்கள் பலர் இன்று என் கவுண்டரில் "இதைக் கொஞ்சம் அப்ளை பண்ணிக் கொடுங்க ஆச்சி" என்று நிற்கிறார்கள். உங்கள் மகளுக்கு நீங்கள் எடுத்துவிடுவது அந்த நேரத்தைத்தான். 'நான் முதல்வன்' பாடமானாலும் வேலைக்கான தேர்வானாலும், கல்லூரி விட்டு வந்து, வீட்டு வேலையும் முடித்து, அவளுக்குச் சொந்தமாகக் கிடைப்பது 9 மணிக்குப் பிறகுதானே?

கேரளத்தில் ஒரு கல்லூரி விடுதியில் பெண்கள் சாயங்காலம் 6 முதல் இரவு 10 வரை போன் வைத்திருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். அதை ஏற்க மறுத்த மாணவி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் வழக்குப் போட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்புச் சொல்லி, அவரை விடுதியில் மறுபடி சேர்க்க உத்தரவிட்டது. வீட்டுக்குள் கோர்ட்டைக் கொண்டுவர நான் சொல்லவில்லை. ஒரு பெண்பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீதிபதியே சொன்னதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தூக்கம் கெடுகிறது என்பது உங்கள் கவலை என்றால், 11 மணிக்கு இரண்டு பிள்ளைகளின் போனும் எல்லாரும் உட்காருகிற பட்டாலையில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. யாராவது தொந்தரவு கொடுப்பார்கள் என்பது கவலை என்றால், இப்போதே அவளிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: "எவன் என்ன அனுப்பினாலும் என்னிடம் சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்." சொன்னால் போன் போய்விடும் என்று பயப்படுகிற பிள்ளை சொல்லவே சொல்லாது. தனியாக மாட்டிக்கொள்ளும். எனக்குத் தெரிந்து விஷயம் முற்றிப்போன வீடுகளில் எல்லாம் நடந்தது இதுதான்.

கேள்வி: என் போட்டோவை வைத்து யாரோ இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் அசிங்கமாகச் செய்தி போகிறது. அண்ணன் "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பேசாமல் இரு" என்கிறான்.
– வேலைக்குப் போகும் பெண், காரைக்குடி

பதில்: எதையும் அழிக்காதேம்மா. அழித்தால் சாட்சியும் போய்விடும். அந்தக் கணக்கின் பெயர், அதன் இணைய முகவரி, செய்தி வந்த தேதி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவை. செய்தி வந்த சிநேகிதிகளையும் எடுக்கச் சொல். அப்புறம் அந்தக் கணக்கை ஆள்மாறாட்டம் என்று இன்ஸ்டாகிராமிலேயே புகார் செய். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பிரிவே உண்டு, அங்கே பதிவு செய். மாவட்டத்தின் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம், அண்ணனைக் கூட்டிக்கொண்டு போ. பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே கூப்பிட வேண்டும். மணிக்கணக்கு தள்ளிப்போனால் பணத்தை நிறுத்துவது கஷ்டம்.

அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினால் 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்று ஒரு தளம் இருக்கிறது. படம் உன் போனை விட்டு வெளியே போகாது. அதன் அடையாளக் குறி மட்டும் போகும், அதை வைத்து அதில் சேர்ந்திருக்கிற சமூக ஊடகங்கள் படத்தைத் தடுக்கும். ஒரு பெண் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பதே இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் பின்தொடரும் குற்றம், முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. உன் அண்ணனிடமும் சொல்: தப்பு செய்தவன் கணக்குதான் மூடப்பட வேண்டும், உன்னுடையது ஏன் மூடப்பட வேண்டும்?

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன் வாங்கிக் கொடுத்தும் தொடப் பயப்படுகிறார். எப்படிப் பழக்குவது?
– பத்தாம் வகுப்பு மாணவி, கோட்டையூர்

பதில்: முதலில், தப்பாக அழுத்தினால் போன் கெட்டுப்போகாது என்று சொல்லிவிடு. முக்கால்வாசிப் பயம் அதுதான். நீ வாங்கிச் செய்துகாட்டாதே, அவர் விரலே தொடட்டும்.

வாட்ஸ்அப்பில் முக்கியமான மூன்று பேர் மேலே நிற்கிற மாதிரி வை. அவர்களை முகம் தெரிகிற போட்டோவை வைத்துக்கொள்ளச் சொல், அப்பத்தா பெயர் படிக்க வேண்டாம். மைக்கை அழுத்திப் பிடித்துப் பேசி, விரலை எடுத்தால் போய்விடும் என்று காட்டு. யூடியூபிலும் தமிழில் வாயால் சொல்லியே தேடலாம். அப்பத்தாவுக்கு என்ன வேண்டும் என்று நீயாக முடிவு செய்யாதே, அவரையே கேள். பக்திப் பாட்டுதான் கேட்பார் என்று நாம் நினைப்போம். போன வாரம் எங்கள் மையத்துக்கு வந்த ஓர் அப்பத்தா முதலில் தேடிக்கேட்டது ஆட்டுக்கு வருகிற கழிச்சலுக்கு என்ன மருந்து என்று.